அடுக்களையின் வினைச்சொற்கள்



உள்நாட்டு, வெளிநாட்டு நற்பொருள்களைக் கொண்டு உடல்நலத்திற்கு ஏற்பச் சமைப்பது பற்றிப் பேசுமாறு மன்றத்தார் கேட்டபோது நாம் சற்றுத் தயங்கினோம். நாம் மருத்துவரும் அல்லோம். சமையற்கலை வல்லாரும் அல்லோம். தமிழ் வினைச்சொற்களின் பொருளை ஆராய்வதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டோம் என்பதைத் தவிர வேறு தகுதி நமக்கு இல்லை. பிறகு எண்ணிப் பார்த்தபோது, இத்தலைப்பைப் பற்றிப் பேச அதுவும் ஒரு தகுதியே என்று தோன்றிற்று. அவ்வாறு தோன்றியதற்கு எம் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியே காரணம். அதிலிருந்தே தொடங்குகிறோம்.

ஒரு சொல்லால் நேர்ந்தது

எம் தமையனார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் நீரிழிவு நோய் கண்டது. மருந்தகம் ஒன்றில் உணவு ஆலோசகராக இருந்த இளம்பெண் அவருக்கு மலாயில் அறிவுரை கூறினார். 'மாக்கானான் பெர்கோரேங்' என்னும் வகை உணவைக் குறைக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். அருகிலிருந்த ஒருவர் அதனை, "பொரிச்சதைக் குறைச்சுக்கணுமாம், ஐயா" என்று தமிழில் எடுத்துச் சொன்னார். தமையனார் சொன்ன சொல் தவறாதவர். அன்றே குறைத்துவிட்டார்.

ஆறு திங்கள் கழித்து அவர் இல்லத்தில் உணவருந்த அமர்ந்தோம். இலையில் சோறும் குழம்பும் இருந்தன. காய்கறி ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு அண்ணியார், "பொரியல் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே தம்பி, அதனால கீரை, பீன்ஸ் எதையும் அவர் தொடுறதில்ல" என்றார். காலையில் என்ன உண்கிறார் என்று கேட்டோம். ஒருநாள் ரொட்டி சானாய், ஒருநாள் வறுத்த மீ. 'வறுத்த' மீயாயிற்றே, 'பொரித்த' மீ அன்றே! எனவே, அதை விலக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஆக்கிய கீரையை விலக்கி, எண்ணெயில் புரண்ட மீயை அவர் ஆறு திங்கள் உண்டிருக்கிறார். மூன்றாண்டுகளுக்குப் பின் அவருடைய கால்விரல்கள் இரண்டை எடுக்க நேர்ந்தது. அதற்கு ஒரு சொல்லே காரணம் என்று நாம் கூற மாட்டோம். நோய் அதற்கு முன்பே முற்றியிருந்தது. அந்த ஆலோசகர் மேலும் குறையில்லை. மொழிபெயர்த்தவர் மேலும் குறையில்லை. 'கோரேங்' என்னும் மலாய்ச் சொல் எண்ணெயில் மூழ்கப் பொரிப்பதையும், சிறிது எண்ணெயில் புரட்டுவதையும் ஒருங்கே குறிக்கும். தமிழ்ப் 'பொரியல்' என்பதோ, பொரி என்னும் வினையிலிருந்து பிறந்திருந்தும், இன்று காய்கறித் தொடுகறியின் பெயர். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு மனிதரின் உணவு முறை நழுவி விழுந்துவிட்டது.

பெயராகிவிட்ட வினைகள்

நம் உணவுப் பெயர்களைச் சற்று வரிசைப்படுத்திப் பாருங்கள். பொங்கல், அவியல், பொரியல், வறுவல், துவையல், கடையல், மசியல், சுண்டல், துவட்டல், வற்றல். எல்லாமே வினையடியாகப் பிறந்த பெயர்கள். 'அல்' என்னும் தொழிற்பெயர் ஈறு பெற்று, தொழிலின் பெயர் அத்தொழிலால் ஆன பொருளுக்கு ஆகி வந்திருக்கிறது. தொழிலாகுபெயருக்கு வகுப்பறையில் நாம் காட்டும் எடுத்துக்காட்டே வற்றல்தான். பொங்கலுக்கு அரிசி என்றோ பருப்பு என்றோ பெயர் வைக்காமல், அது பொங்கியதைப் பெயராக வைத்தனர் நம் முன்னோர். உணவை அதன் பொருளால் அன்றி, அதன்மேல் நிகழ்ந்த செயலால் அறிந்த சமுதாயம் நம்முடையது.

அச்செயல்களுக்கிடையே இருந்த வேறுபாடுகளும் நுட்பமானவை. அவித்தல் ஆவியிலோ நீரிலோ நடப்பது, எண்ணெய் வேண்டாதது. வாட்டுதல் அனல் மட்டும் பட நடப்பது. வறுத்தலுக்கு வெறும் சட்டியே போதும்; கடலையும் மல்லியும் அப்படித்தான் வறுபட்டன. வதக்குதலுக்குச் சிறிது எண்ணெய், மிதமான தீ; காயின் நீரே காயை வேகச் செய்யும். துவட்டுதலில் வெந்த காயின் ஈரம் சுண்டும். பொரித்தலில்தான் எண்ணெய் நிறைந்த சட்டி அடுப்பேறும். தாளித்தலோ ஒரு கரண்டி எண்ணெயில் கடுகையும் கறிவேப்பிலையையும் மணக்கச் செய்து இறக்கிவிடுவது. எண்ணெயே கூடாது என்போரும் இந்தத் தாளிப்பை எண்ணிப் பார்க்க வேண்டும்: கீரையிலும் மஞ்சள்நிறக் காய்களிலும் உள்ள சில சத்துகளை உடல் ஏற்றுக்கொள்ளச் சிறிது கொழுப்புத் தேவை. அந்தச் சிறிதளவை நம் மொழி ஒரு தனி வினையாகவே வரையறுத்து வைத்திருக்கிறது.

இன்று இளையோர் பலரின் பேச்சில் இவை யாவும் 'ஃப்ரை பண்ணுதல்' என்னும் ஒன்றில் அடங்கிவிடுகின்றன. பிறமொழிச் சொல் கலந்தது என்பதற்காக நாம் வருந்தவில்லை. தனித்தனிச் செயல்களுக்கிருந்த தனித்தனிப் பெயர்கள் ஒன்றாகிவிட்டால், "வதக்கு, பொரிக்காதே" என்று ஒரு தாய் மகளிடம் சொல்லும் வாய்ப்பே இல்லாமற் போகிறதே என்பதே நம் வருத்தம்.

புழுங்கல் அரிசி காத்த உயிர்கள்

ஒரு வினை உயிரைக் காக்குமா என்று கேட்கலாம். காத்திருக்கிறது, அதுவும் இங்கிருந்து சிறு தொலைவில், கோலாலம்பூரில்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் உலுக்கியது. கால்கள் மரத்து வீங்கும், நெஞ்சு தளரும், பிறகு சாவு. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் பெருந்தொகையாக மாண்டனர். அதே நாட்டில், அதே வெயிலில், அதே வறுமையில் உழைத்த தமிழரிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதனை ஆராய்ந்து 1907இல் நூலாக வெளியிட்டார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, வெண்மையாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் 1905ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி ஓராண்டு ஒரு சோதனை நடத்தினார். உள்ளிருந்த நோயாளரில் ஒரு பாதியினர்க்குத் தீட்டிய பச்சரிசியும், மறு பாதியினர்க்குப் புழுங்கல் அரிசியும் அளிக்கப்பட்டன. பச்சரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டோரில் ஒருவர்கூட அந்நோயால் இறக்கவில்லை. வாய்திறந்து மறுக்க இயலாதவர்கள்மீது நடத்திய சோதனை அது. அந்த 18 பேரையும் நினைக்காமல் இச்செய்தியைச் சொல்லுதல் தகாது. அடுத்த சில ஆண்டுகளில், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் சாலைப்பணி செய்த சாவகத் தொழிலாளரிடையே ஆராய்ந்து, தீட்டும்போது அரிசியிலிருந்து கழிந்துபோகும் ஏதோ ஒன்றின் குறையே நோய்க்குக் காரணம் என்று நிறுவினர். அந்த ஏதோ ஒன்றை 1926இல் சாவகத்தின் பத்தாவியா நகரில் இரு டச்சு அறிவியலாளர்கள் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தனர். உயிர்ச்சத்து பி-1 என்று இன்று நாம் அழைப்பது அதுவே.

இதில் தமிழரின் பங்கு என்ன? ஒரு வினைச்சொல்: புழுக்குதல். நெல்லை ஊறவைத்து, உமியோடு ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, பிறகு குற்றுதல். அவ்வாறு செய்யும்போது மேலுறையில் உள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது; பின்னர்த் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. இரு சாராரும் உண்டது நெல்லின் அரிசியே. பெயர் ஒன்று, வினை வேறு. வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே இருந்த தொலைவு அந்த வினையின் அளவுதான்.

பெயர் பயணம் செய்யும், வினை தங்கிவிடும்

மொழியியலார் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு: மொழிகளுக்கிடையே பெயர்ச்சொல் எளிதாகக் கடன் போகும், வினைச்சொல் அவ்வளவு எளிதாகப் போகாது. நம் கடை மலாயில் 'கெடாய்' ஆயிற்று. கறி 'காரி' ஆயிற்று. அப்பமும் முறுக்கும் சென்றன. நாம் அவற்றை ஆக்கிய வினைகள் செல்லவில்லை. நாமும் பிறமொழி வினையை நேரே எடுப்பதில்லை. 'பண்ணு' என்னும் ஊன்றுகோலைக் கொடுத்தே நடக்கவிடுகிறோம்.

உணவுப் பொருளும் இவ்வாறே கடல் கடக்கிறது. மக்காச்சோளம் அமெரிக்கப் பழங்குடியினரின் உணவு. மெக்சிகோ நிலத்தார் அதனைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த பின்னரே அரைத்தனர். சோளம் ஐரோப்பாவுக்குச் சென்றது. அந்தச் செய்முறை செல்லவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலிய ஏழைகளும், பின்னர் அமெரிக்கத் தென்மாநில ஏழைகளும் பெலாக்ரா என்னும் நோயால் தோல் கருகி, அறிவு மயங்கி மடிந்தனர். சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் சத்தை உடலுக்குக் கிடைக்கச் செய்தது அந்தச் சுண்ணாம்பு நீரே என்பது நெடுங்காலம் கழித்துத்தான் தெரிந்தது.

நமக்கு அருகிலேயே இன்னொன்று. 'சாயோர் மானிஸ்' என்று சந்தையில் நாம் வாங்கும் கீரை, தமிழ்நாட்டில் தவசிக்கீரை எனப்படுவது. இங்கு அதனைக் காலங்காலமாகச் சமைத்தே உண்கிறார்கள். 1990களின் நடுவில் தைவானில் அதே கீரையை உடல் மெலிவதற்கென்று பச்சையாக அரைத்துச் சாறாக நாள்தோறும் பலர் குடித்தனர். நுரையீரல் மீளாக் கேட்டுக்கு ஆளாயினர், சிலர் உயிரிழந்தனர். கீரை அங்கே போய்ச் சேர்ந்தது. அதனை ஆக்கும் வினை உடன் போகவில்லை.

எம் அன்னையார் சப்பானியர் காலத்தில் சிறுமியாக இருந்தவர். அரிசி இல்லாத அந்த மூன்றரை ஆண்டுகளில் தோட்டத்து மக்களைப் பிழைக்கவைத்தது மரவள்ளிக்கிழங்கு. பிற்காலத்தில் அவர் அக்கிழங்கை வேகவைக்கும்போதெல்லாம் மூடியைத் திறந்தே வைப்பார். வெந்த நீரைத் தவறாமல் வடித்துக் கொட்டுவார். "அந்தத் தண்ணி ஆகாது" என்பதே அவர் தந்த விளக்கம். அக்கிழங்கில் நஞ்சாக மாறவல்ல பொருள் உண்டென்பதும், தோலுரித்து நன்கு வேகவைத்து வடித்தால் அது பெரிதும் நீங்கும் என்பதும் நாம் நூல்களில் படித்தவை. அவர் படித்ததில்லை. 'வடித்தல்' என்னும் வினை அவரிடம் இருந்தது.

தெங்கு கிளானா சாலையில்

இந்தக் கண்ணோடு நம் கிள்ளான் கடைத்தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஒரு கடையின் உள்ளே, கண்ணாடி அடுக்கில், 'மோரிங்கா' என்று எழுதிய பொடிப் பொட்டலம். அதே கடையின் வாசலில் ஈரச் சாக்கில் முருங்கைக்கீரைக் கட்டு. உள்ளிருப்பது வெளியிலிருப்பதைப்போல் பன்மடங்கு விலை. மோரிங்கா என்பது நம் முருங்கையே. தென்னிந்திய வழக்கிலிருந்து போய், தாவரவியலார் கையில் ஏறி, ஆங்கிலத்தில் திரும்பி வந்திருக்கிறது. பொடி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கீரையை உருவி, ஆய்ந்து, துவட்டத் தெரியாத கை பொடியைத்தான் நாடும்.

அடுத்த அடுக்கில் 'மில்லட்' என்னும் ஒற்றைப் பெயரில் நான்கு பொட்டலங்கள். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இவற்றுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது, மகிழ்ச்சியே. ஆனால் தினை வேறு, சாமை வேறு, வரகு வேறு, குதிரைவாலி வேறு. ஒவ்வொன்றும் ஏற்கும் நீரும் வேகும் நேரமும் வேறு. எல்லாவற்றையும் ஒரே பெயரால் அறிந்து, ஒரே அளவு நீர் ஊற்றி, "வாயில் வைக்க முடியவில்லை" என்று மீண்டும் வெள்ளை அரிசிக்கே திரும்பியவர்களை நாம் அறிவோம்.

தென்னமெரிக்காவின் கினோவாவும் இங்கு வந்துவிட்டது. அதன்மேல் கசப்பான நுரைக்கும் பொருள் ஒன்று படிந்திருக்கும். முன்பே கழுவி விற்கப்படாததாயின், நீர் தெளியும்வரை கழுவியாக வேண்டும். அதற்கு நம்மிடம் அரிசிக்கென்றே வைத்திருந்த அழகான வினை உண்டு: களைதல். கினோவாவைக் களைந்து, பாசிப்பருப்போடு குழைய வேகவைத்து, மிளகும் சீரகமும் தாளித்தால் அது பொங்கலாகிவிடும். அயல்நாட்டுப் பெயருக்கு உள்நாட்டு வினையைத் துணையாக்கினால் அப்பொருள் நம் வீட்டுப் பிள்ளையாகும். மிளகாயை நாம் அப்படித்தான் ஏற்றோம். அமெரிக்காவிலிருந்து வந்த காய்க்கு மிளகின் பெயரைத் தந்தோம். வறுத்தோம், அரைத்தோம், வற்றலாக்கினோம். இன்று அது இல்லாமல் நமக்குக் குழம்பு இல்லை.

தரம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தொலைவிலிருந்து வந்ததும் விலை மிகுந்ததும் தரமானவை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நார்வே நாட்டுச் சால்மன் நல்ல மீன்தான். நம் கடலில் பிடிபடும் கெம்போங் மீனும், தமிழகத்தார் கானாங்கெளுத்தி என்று அழைப்பது, ஒமேகா-3 கொழுப்பு உள்ள மீனே. கண் தெளிந்து, செவுள் சிவந்து, தசை விறைத்திருந்தால் அதுவே தரம். அதைப் புளிக்குழம்பிலிடுவதா, எண்ணெயில் மூழ்கடிப்பதா என்பது அடுத்த கேள்வி. முதற்கேள்வி பெயரைப் பற்றியது. இரண்டாம் கேள்வி வினையைப் பற்றியது. உடலுக்கு இரண்டும் வேண்டும்.

அண்டை வீட்டாரின் வினைகள்

நம் வினைகளே போதும் என்று நாம் பெருமை பேசவில்லை. மலாய் அடுக்களையிலும் நுட்பமான வினைகள் நிறைந்துள்ளன. எம் தமையனார் கேட்ட 'கோரேங்' அவற்றுள் ஒன்றே. காயைக் கொதிநீரில் முக்கி, நிறம் மாறுமுன் எடுப்பது 'செலூர்'. இதற்கு நம்மிடம் வழக்கில் ஒற்றைச் சொல் இல்லை. அதனால்தானோ என்னவோ, நம் வீடுகளில் கீரையும் அவரையும் அளவுக்கு மிஞ்சி வெந்துவிடுகின்றன. வல்லாரையை 'பெகாகா' என்று சொல்லி, கழுவிப் பச்சையாகவே 'ஊலாம்' என உண்கின்றனர் அவர்கள். நாம் அதை நினைவாற்றல் மாத்திரையாக வாங்குகிறோம். இட்லியை ஆவியில் அவிக்கத் தெரிந்த நாம், சீன அண்டை வீட்டார் இஞ்சி அரிந்து வைத்து மீனை அவிப்பதுபோல் அவிப்பதில்லை.

சந்தையில் 'கங்கோங்' என்று கேட்டு வாங்கும் கீரைக்குத் தமிழ் உண்டா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. உண்டு, வள்ளை. சங்கப் புலவர் மருதநிலப் பொய்கைகளில் கண்ட கொடி அது. பழம்பெயரைச் சொல்லி மகிழலாம். கங்கோங் என்று சொல்லியே வாங்கினாலும் குறைவில்லை. அதைப் பெலாச்சானும் எண்ணெயும் மிதக்கப் புரட்டுவதா, பூண்டு தட்டிப் போட்டு ஒரு கரண்டி எண்ணெயில் வதக்குவதா என்பதே நமக்கு வேண்டிய ஆராய்ச்சி.

செய்யத்தக்கது

2019ஆம் ஆண்டு நாடு தழுவிய நலவாழ்வு ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, ஏறத்தாழ மூவரில் ஒருவர். இந்த அரங்கின் வரிசைகளை எண்ணிப் பாருங்கள். சொற்களை மீட்டால் சர்க்கரை இறங்கிவிடும் என்று நாம் மயங்கவில்லை. இனிப்பு நீர், உடலுழைப்பின்மை, பரம்பரை, சமைக்க நேரம் தராத வேலை, வருவாயின்மை எனக் காரணங்கள் பல. எனினும், மருத்துவர் சொல்வது நோயாளியின் தட்டில் போய்ச் சேர வேண்டுமானால் அது சொல்லின் வழியாகத்தான் சேர வேண்டும். அந்த வழியைச் செப்பனிடுவது நம் போன்றோர் கடமை.

சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செபாரோ' என்று ஒரு நல்ல தொடரைப் பரப்பி வருகிறது. நம் முதியோர் ஒருவர் அதைக் கேட்டு, தினமும் சுக்குக் கசாயம் குடிக்கச் சொல்வதாக எண்ணிக்கொண்டாராம். கால், கால், அரை என்பதே அதன் பொருள்: தட்டில் கால் பங்கு சோறோ தானியமோ, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, அரைப் பங்கு காயும் கனியும். வாழையிலையின் மேற்பாதி முழுதும் தொடுகறிக்கென்று விட்ட நமக்கு அந்த 'அரை' புதியதன்று. நாம்தாம் மேற்பாதியைச் சுருக்கி, கீழ்ப்பாதியில் சோற்றைக் குவித்துவிட்டோம்.

எனவே மன்றத்தாரிடம் ஒரு வேண்டுகோள். சமையல் வினைகளுக்கென்று ஒரு சிறு கையேடு உருவாக்குவோம். ஒவ்வொரு தமிழ் வினைக்கும் எதிரே ஏற்ற மலாய்ச் சொல். அதில் எண்ணெய் எவ்வளவு, நீர் எவ்வளவு, தீ எப்படி, நேரம் எவ்வளவு என்னும் விளக்கம். எந்தச் சொல்லை எந்தச் சொல்லாக மொழிபெயர்த்தால் பொருள் மாறும் என்னும் எச்சரிக்கை. அகராதிகளை மட்டும் பார்த்து இதனை எழுத இயலாது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் காப்பாரிலும் இன்னும் நம்மோடு வாழும் எண்பது வயது மூதாட்டியரின் அடுப்பருகே அமர்ந்து, அவர்கள் கை செய்வதையும் வாய் சொல்வதையும் ஒருசேரக் குறிக்க வேண்டும். அக்கையேடு மருந்தகங்களின் மேசையில் இருக்கட்டும்; தமிழ்ப்பள்ளி நூலகத்திலும் இருக்கட்டும்.

அதன் முதற்பதிவை நாமே எழுதி வந்திருக்கிறோம்; இக்கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் ஒப்படைப்போம். 'பொரியல்' என்பது அதன் தலைச்சொல். 'கோரேங் அன்று, சிறிது எண்ணெயில் ஆக்கிய காய்கறி, நீரிழிவு உள்ளவர் விலக்க வேண்டுவதில்லை' என்பது அதன் விளக்கம். தமையனார் அதைப் படித்துப் பார்த்தார். "இதை அன்னிக்கே யாராவது எழுதி வச்சிருக்கலாமேடா" என்றார். அதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை.